மேட்டில் பின்தங்கினால் சோம்பேறி என்று அர்த்தமா?

சைக்கிள் குரூப் ரைடில் ஏற்றம் வந்து கொஞ்சம் பின்தங்கிவிட்டால் போதும், மேலே போய் நின்றுகொண்டு "எல்லாம் மனசுதாங்க, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்று சொல்ல ஒருத்தராவது தயாராக இருக்கிறார், அதுவும் 60 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு. கேட்டுக் கேட்டுப் பற்றிக்கொண்டு வருகிறது.

கணக்கைப் பாருங்கள். மேட்டில் வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை வாட் சக்தி மிதிக்கிறோம் என்பதுதான். அவர் 240 வாட் மிதித்தால் கிலோவுக்கு 4 வாட். நான் 85 கிலோ, 300 வாட் மிதிக்கிறேன், கிலோவுக்கு மூன்றரைதான் வருகிறது. 60 வாட் கூடுதலாக மிதித்தும் மேட்டில் நான்தான் பின்னால். அவருடைய அந்த 4-ஐத் தொட எனக்கு 340 வாட் வேண்டும், இதில் மனசு எங்கே வந்தது? எடையைக் குறை என்பார்கள். கொழுப்பைக் குறைக்கலாம், சரி, உயரத்தையும் எலும்பின் அகலத்தையும் யாரால் குறைக்க முடியும்?

உடனே "அப்போ இண்டுரைன்?" என்று வருவார்கள். ஆமாம், அந்த ஸ்பெயின் சைக்கிள் வீரர் 188 செ.மீ. உயரம், ஏறத்தாழ 80 கிலோ, 1991 முதல் 1995 வரை வரிசையாக 5 டூர் டி பிரான்ஸ் பந்தயங்களை வென்றவர். ஆனால் அவர் எதிராளிகளை நொறுக்கியது பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு மோதும் டைம் டிரையலில், மலையில் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தார். அதற்கான இதயமும் நுரையீரலும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பயிற்சி எடுத்தால் எல்லாருக்கும் ஒரே பலன் என்பதும் பொய். ஹெரிடேஜ் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து 20 வாரம் ஜிம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு சிலருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் வரை கூடியது, சிலருக்குக் கிட்டத்தட்ட அசையவே இல்லை, அந்த வித்தியாசத்தில் பாதிவரை மரபுவழி என்று கணித்தார்கள். ஆள் வைத்துக் கண்காணித்த பயிற்சி அது! அசையாதவர்கள் எல்லாம் மனசு வைக்காதவர்களா?

இதைவிட வயிறெரிவது சமதளத்தில். எதிர்காற்று அடிக்கும்போது இதே ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால்தான் வரிசையாக வருகிறார்கள். அங்கே உடம்பின் எடை பெரிய தடையில்லை, மொத்த வாட்தான் பேசும், அதனால் நான் காற்றை வாங்கிக்கொள்ள, அவர்கள் கால்வாசிக்கும் மேல் சக்தியை மிச்சம் பிடித்து, அந்த மிச்சத்தோடு மேட்டில் என்னைத் தாண்டிப் போய், அப்புறம் எனக்கே அறிவுரை சொல்கிறார்கள்.

மேட்டில் என்னை விட்டுவிட்டுப் போங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. என் உழைப்பைக் குறைத்துப் பேசாதீர்கள். பெரிய உடம்போடு ஆசையாகச் சைக்கிள் வாங்கி வந்த புது ஆட்கள் இந்தப் பேச்சைக் கேட்டே அதை ஓரங்கட்டிவிட்டுப் போகிறார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.