காப்பாற்றினார்களாம்!

நேற்றிரவு ஒரு கம்பளச் சேகரிப்பாளர் நடத்திய நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஐயா தனக்குப் பின்னால் சுவரில் ஒரு யோமுத் அஸ்மாலிக்கை மாட்டிவைத்துக்கொண்டு, "எங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் இதெல்லாம் பாலைவனக் கூடாரங்களில் மட்கிப் போயிருக்கும், நாங்கள்தான் காப்பாற்றினோம்" என்றார். கீழே இதயக் குறிகள் பறந்தன. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதன் ஜோடி எங்கே சார்?" கேள்வி காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் நானே காணாமல் போனேன். பிளாக்.

அஸ்மாலிக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: மத்திய ஆசியாவின் துருக்மென் இனக்குழுக்களில் ஒன்றான யோமுத் பெண்கள் கல்யாணத்துக்காக நெய்வது. மேல்பக்கம் முக்கோணமாகக் கூம்பிய ஐங்கோணக் கம்பளத் துண்டு. மணப்பெண் போகும் ஒட்டகத்தின் வலப்பக்கம் ஒன்று தொங்கும், இடப்பக்கம் ஒன்று. ஒட்டகத்துக்கு இரண்டு விலா என்பதால் அஸ்மாலிக்கும் இரண்டு, இதில் ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஆனால் இன்று பிரியாத ஜோடியைப் பார்ப்பது அபூர்வம். ஏன்? மற்றதைப் பூச்சியா அரித்தது? சந்தையில் ஒன்று இவருக்கும் இன்னொன்று அவருக்கும் போனது. அப்புறம் "ஜோடியாகக் கிடைப்பது மிக அரிது" என்று ஏலக் கேட்டலாக்கில் எழுதி, அந்த அருமைக்கும் தனியாக ஒரு விலை. இதற்குப் பெயர் காப்பாற்றுவதா? வாங்கினீர்கள் ஐயா. வாங்குவது குற்றமே இல்லை. வாங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அவை சந்தைக்கு எப்படி வந்தன என்பதைப் பற்றி அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வார்த்தை இல்லை. 1881 ஜனவரியில் ஜெனரல் ஸ்கோபெலெவின் ரஷ்யப் படை, இன்றைய துருக்மெனிஸ்தானில் உள்ள கியோக் தெப்பே கோட்டைச் சுவரை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் தெக்கே என்ற இன்னொரு துருக்மென் குழுவினர், குடும்பம் குட்டிகளோடு. கோட்டைக்குள்ளும், தப்பி ஓடிய வழியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். வென்ற படை கொள்ளையடித்தது. அந்தக் கொள்ளையில் கம்பளங்களும் உண்டு. 1884இல் துருக்மென்களின் மெர்வும் ரஷ்யர் கைக்கு மாறியது. காஸ்பியன் கரையிலிருந்து போட்ட ரயில்பாதை 1888இல் சமர்கந்தைத் தொட்டது. ரயிலில் கம்பளம் வெளியே போனது, செயற்கைச் சாயம் உள்ளே வந்து பரவியது. நம் மஞ்சிட்டி இனத்துச் செடி வேரில் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு எடுத்தவர்கள், பொட்டலத்தில் வந்த பளீர் ரோஸை வாங்கினார்கள். தண்ணீர் பட்டால் கசிந்தது, வெயில் பட்டால் வெளுத்தது. அதே ரோஸைக் காட்டித்தான் "ரசனை கெட்ட காலம்" என்று நேற்று முகம் சுளித்தார். யாருடைய ரசனை சார்? பொட்டலத்தை விற்றவனுடையதா, வாங்கியவளுடையதா?

1881 மட்டுமல்ல. 1920களிலும் 30களிலும் சோவியத் கூட்டுப்பண்ணைக்கும் ஒடுக்குமுறைக்கும் பயந்து துருக்மென்கள் எல்லை தாண்டி வடக்கு ஆப்கானிஸ்தானுக்கு ஓடினார்கள். 1979க்குப் பிறகு அங்கிருந்தும் பலர் பாகிஸ்தான் அகதி முகாம்களுக்கு. வீட்டிலிருந்த பழைய பைகளும் ஒட்டக அலங்காரங்களும் பெஷாவர் கடைத்தெருவில் வந்து குவிந்தது அப்போதுதான். கம்பளம் மலிந்த வருடமெல்லாம் அதை நெய்தவர்களுக்குக் கெட்ட வருடம். அந்த விலையில் வாங்கிவிட்டுக் காப்பாற்றினேன் என்றால் எப்படி?

சரி, "அந்தக் காலத்து ரஷ்யச் சேகரிப்பாளர்கள் போகோல்யூபோவ் இல்லையா, தூதின் இல்லையா" என்று சிலர் வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள். தெரியும். போகோல்யூபோவ் 1908, 1909இல் வெளியிட்ட மத்திய ஆசியக் கம்பளத் தொகுதிகள் இல்லையென்றால் எந்த வடிவம் எந்தக் குழுவுடையது என்று பிரித்துப் பேச இன்று நமக்கு நாதியில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் யார்? அந்தப் பகுதிக்கு ஆளுநராக இருந்த ரஷ்ய ஜெனரல். ஆளுநர் உங்கள் கூடாரத்தில் நுழைந்து "இது அழகாக இருக்கிறதே" என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? தூதின் விஷயம் வேறு. 1900 முதல் 1902 வரை ஊர் ஊராக அலைந்து பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்துக்காகச் சேகரித்தவர், கூடவே புகைப்படமும் எடுத்தார், எழுதியும் வைத்தார். சோவியத் காலத்தில் ஆய்வாளர் வாலெந்தினா மோஷ்கோவா நெய்கிறவர்களிடமே போய்க் கேட்டார். அவருடைய புத்தகம் அவர் இறந்த பிறகு 1970இல்தான் தாஷ்கந்தில் வந்தது. இவர்கள் பெயரைச் சொல்லி, குளிர்பதன அறையில் பத்துத் துண்டு வைத்திருப்பவர் தனக்கும் ஒரு மாலை போட்டுக்கொள்ளக் கூடாது.

"அவர்களே விரும்பித்தானே விற்றார்கள்?" பாதி சரி. கூடாரத்தை விட்டுச் சுவர் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒட்டக அலங்காரம் எதற்கு? விற்றார்கள்தான். மறு பாதியை, போரிலும் ஓட்டத்திலும் கைவிட்டுப் போன கதையை, மேலேயே சொல்லிவிட்டேன்.

"மட்கியிருக்கும்" என்பதற்கு மட்டும் என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பழைய குடும்பக் கம்பளங்களில் இருந்த குல் என்ற குழு அடையாள வடிவங்கள் ஐந்தை, துருக்மென்களின் ஐந்து பெரிய குழுக்களுக்கும் ஒவ்வொன்றாக, துருக்மெனிஸ்தான் 1992இல் தன் தேசியக் கொடியிலேயே ஏற்றியது. மே கடைசி ஞாயிறு அங்கே கம்பளத் திருநாள். 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்த நெசவு சேர்ந்தது. (அரசாங்கத்தின் கம்பளப் பாசம் தனிக் கதை. 301 சதுர மீட்டரில் ஒன்றை நெய்யவைத்து கின்னஸில் ஏற்றினார்கள். அதை நெய்த பெண்களின் முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.) மறந்துபோன பொருளையா ஒரு நாடு கொடியில் வைக்கும்? உண்மையில் மட்கவைத்தது யார் தெரியுமா? ஆப்கன் கம்பளங்களின் சிவப்பு ஐரோப்பிய வரவேற்பறைக்குத் தூக்கலாக இருக்கிறதென்று அவற்றை ரசாயனத்தில் வெளுத்து, பொன்னிறமாக்கி விற்றார்களே, அவர்கள். கிழிந்ததையும் கிழியாததையும் வெட்டிக் குஷன் உறை தைக்கிறார்களே, அவர்கள். இவர்களெல்லாம் சேகரிப்பாளர்கள் இல்லை என்பீர்கள். வாங்குபவர் இல்லாமலா வெட்டினார்கள்?

இவ்வளவுக்கும் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். பிளாக் செய்வதற்கு முன் அவருடைய நண்பர் ஒருவர் எனக்கு எழுதிய பதில்தான் இரவெல்லாம் தூங்கவிடவில்லை. "கம்பளக் கடையில் பில் போட்டவருக்கெல்லாம் கலை விமர்சனம் எதற்கு?"

ஆமாம், பில் போட்டேன். ஷார்ஜாவில் ஒரு கடையில் கணக்கு எழுதினேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அங்கே வடக்கு ஆப்கானிஸ்தானின் ஆண்ட்கோய் பக்கத்து எர்சாரித் துருக்மென் பெரியவர் ஒருவர், ஓட்டை விழுந்த கம்பளங்களுக்கு முடிச்சுப் போட்டு அடைப்பார். எல்லோருக்கும் சாச்சா. பாவு அறுந்த இடத்தில் புது நூல் இழுத்து, பக்கத்து முடிச்சின் இறுக்கத்துக்கே முடிச்சுப் போட்டு, ஊடையைச் சீப்பால் தட்டி, கத்தரியால் சீவிவிட்டால் அடைத்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. என்னிடம், "முன்பக்கத்தைப் பார்க்காதே பேட்டா, திருப்பு" என்பார். முன்பக்கம் விற்கிறவனுக்கு, பின்பக்கம்தான் தெரிந்தவனுக்கு என்று சிரிப்பார்.

சுவால் என்பது கூடாரத்தில் துணிமணி வைக்கும் பெரிய பை. முகம் மட்டும் முடிச்சு நெசவு, முதுகு சாதாரணக் கம்பளித் துணி. வாடிக்கையாளருக்கு முகம் போதும், சுவரில் தட்டையாக உட்கார வேண்டும். முதலாளி முதுகை வெட்டச் சொல்வார், வெட்டுவது சாச்சாவின் வேலை. பிளேடை வைத்துத் தையலை ஒவ்வொரு கண்ணாகப் பிரிப்பார், முகத்து நூல் ஒன்றுகூடப் போகாது. வெட்டிய முதுகுத் துணிகளைக் கேட்டு வாங்கிப் போவார். அவர் அறைக்கு ஒருமுறை சாப்பிடக் கூப்பிட்டார். தரை முழுக்க விரித்திருந்தது முதுகுகள். முகமெல்லாம் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போயிருந்தன, அந்த பில்களை நான்தான் போட்டேன். அவருடைய சம்பளச் சீட்டையும் நான்தான் எழுதினேன். இரண்டையும் ஒரே மேசையில் பார்த்தவனுக்குக் கலை தெரியாது என்கிறீர்கள். இருக்கட்டும்.

"நீயும் ஒரு சுவால் வைத்திருக்கிறாயே" என்று அடுத்து வருவீர்கள். வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கினேன், ரசீது இருக்கிறது. அதை நான் காப்பாற்றவில்லை. எவன் கேட்டாலும் வாங்கினேன் என்றுதான் சொல்வேன். அவ்வளவுதான் நான் அவரிடம் கேட்டதும். இந்தத் துண்டுகளைக் காட்டும் கண்காட்சிப் பலகையில் சேகரித்தவர் பெயர், அவருக்குக் கொடுத்தவர் பெயர், ஒளியமைப்பு செய்தவர் பெயர்கூட இருக்கிறது. நெய்தவள் பெயர் கிடைக்காது, சரி. "யோமுத் பெண் ஒருத்தி, தன் கல்யாணத்துக்காக" என்று ஒரு வரி எழுத இடமில்லையா?

"தமிழனுக்கு எதற்குத் துருக்மென் கவலை" என்று எழுதிய தம்பிக்குப் பதில் இல்லை.

கடைசியாக, காலையிலிருந்து இன்பாக்ஸில் "அண்ணா, எங்கள் வீட்டு புகாரா கார்பெட் எவ்வளவு போகும்" என்று படம் அனுப்பும் அன்பர்களுக்கு: நான் விலை சொல்வதில்லை, விற்பதுமில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் படம் எடுங்கள். முன்னால் தெரியும் பூ பின்னாலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் மேலே பேசலாம். அப்படியானாலும் அது பெரும்பாலும் துருக்மென் வடிவத்தைப் பார்த்து லாகூரிலோ, உத்தரப் பிரதேசத்து பதோஹியிலோ பட்டறையில் நெய்ததாக இருக்கும், அதுவும் ஒருவர் கைவேலைதான். பின்னால் துணி ஒட்டிப் பசை பூசியிருந்தால் அது டஃப்டட், முடிச்சுப் போடாமல் நூலைத் துணியில் குத்திச் செய்தது. தாராளமாகக் காலைத் துடையுங்கள்.