கோபுரம் சரிந்தால் சரியட்டும்

கேம் என்றாலே பிள்ளை கெட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் முடிவே கட்டிவிட்டார்கள். கிளிநொச்சியில் என் அக்கா வீட்டிலும் அதே சட்டம்தான். சுட்டு விளையாடுகிற ஆட்டங்களையும், விளம்பரம் காட்டிக் காட்டிக் காசு பிடுங்குகிற ஆட்டங்களையும் பற்றி அக்கா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பௌதிகவியலை வைத்துச் செய்த புதிர் ஆட்டங்கள் வேறு ரகம். அவற்றையும் சேர்த்துத் தடுப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

மருமகன் சாதாரண தரம் எழுதிவிட்டுக் கணிதப் பிரிவு எடுக்க நிற்கிறான். என் பழைய மடிக்கணினியில் அவனுக்கு வேர்ல்ட் ஒஃப் கூ என்ற புதிர் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். 2008 இல் வந்தது. கைல் கேப்லர், ரொன் கார்மல் என்ற இரண்டு பேர் பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய சின்ன நிறுவனத்தின் ஆட்டம்.

கரிய பிசின் உருண்டைகள் இருக்கும். ஒன்றை இழுத்துப் பக்கத்தில் வைத்தால் தண்டு போட்டு மற்றவற்றோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே கட்டிக்கொண்டு போய்த் தூரத்துக் குழாயின் வாயை எட்டினால் மிச்ச உருண்டைகள் அதற்குள் இழுபட்டுப் போகும். குறித்த எண்ணிக்கை போய்ச் சேரவேண்டும். கோபுரத்தை அகலமாகக் கட்டினால் நிற்கும், ஆனால் உருண்டை காணாது. ஒல்லியாகக் கட்டினால் உருண்டை மிஞ்சும், கோபுரம் ஆடும். முழுச் சுவையும் இந்த இழுபறிக்குள்தான்.

அது விழுகிற விதத்தைப் பார்க்கவேண்டும். சட்டென்று விழாது. மெல்லச் சாயும், தண்டுகள் இழுபடும், எந்தப் பக்கம் பாரம் கூடிவிட்டது என்று கண்ணுக்கே தெரியும். ஈர்ப்பு மையம் அடித்தளத்துக்கு வெளியே போனால் கவிழும் என்று ரியூசனில் எழுதிக்கொடுத்த வசனம் பிள்ளையின் கண்முன்னே நடக்கிறது. சதுரமாகக் கட்டினால் நெளியும், முக்கோணமாகக் கட்டினால் இறுகி நிற்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற பெடியள் கால்களுக்கிடையில் ஒரு தடியைச் சாய்த்துக் கட்டுவதும் இதே காரணத்துக்குத்தான்.

சுடோகுவில் விடை ஒன்றுதான். அதைச் செய்தவர் முன்பே எழுதி வைத்துவிட்டார், நாங்கள் தேடிப் பிடிக்கிறோம். இங்கே செய்தவர்கள் கொடுத்தது விதிகளை: பாரம், உராய்வு, மோதல், இழுவை. கணினி அவற்றைச் செக்கனுக்குப் பல தடவை கணக்குப் பார்த்து ஒவ்வொரு பொருளையும் துளித்துளியாக நகர்த்துகிறது. அதனால் செய்தவரே யோசிக்காத ஒரு வழியும் சரிவரும். மருமகன் கட்டிய கோணல் பாலத்தைப் பார்த்து, “இதை ஏனடா இப்பிடித் தொங்க விட்டனி?” என்று கேட்டேன். “அது தொங்கினாத்தான் மாமா இந்தப் பக்கம் சரியாது” என்றான். திருப்பத்தை, அதாவது பாரம் ஒன்றை ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்புகிற விளைவை, இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்படியான கணக்குகளை வேறு ஆட்டங்களுக்குச் செய்து கொடுக்கிற பொக்ஸ்டூடி என்ற மென்பொருளை எரின் கட்டோ எழுதி, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இலவசமாகத் திறந்துவிட்டார். அங்ரி பேர்ட்ஸில் பெட்டிகள் சரிந்ததும் அதை வைத்துத்தான். பின்லாந்துக்காரர் பெட்ரி பூர்ஹோவின் கிரேயோன் பிசிக்ஸ் டீலக்ஸில் நீங்கள் கீறுகிற படம் பாரம் பெற்று விழும், உருளும். மாங்குளத்தில் இருக்கிற பிள்ளையும் பொக்ஸ்டூடியை இறக்கி, தானே ஒரு ஆட்டம் செய்து பார்க்கலாம்.

தனியாக விளையாடுவது என்பதும் பெரிய விஷயம். புலமைப்பரிசிலில் தொடங்கி மாவட்ட நிலை, வெட்டுப்புள்ளி என்று எங்கள் பிள்ளைகள் எப்போதும் யாரோ ஒருவரோடு ஒப்பிடப்பட்டே வளர்கிறார்கள். பிழை விட்டால் சிவப்பு மை. ஆட்டத்தில் கோபுரம் விழுந்தால் புள்ளி குறைப்பவர் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திவிட்டது என்று சொல்பவர் இல்லை. திரும்பக் கட்டலாம். இணையமும் தேவையில்லை, சிக்னல் இழுபடுகிற ஊர்களுக்கு இது சின்ன விஷயமா?

யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் எங்கள் அறிவியல்நகரில்தான் இருக்கிறது. அங்கே போகவேண்டிய வன்னிப் பிள்ளைகள் பாடசாலைக் கணினி அறையில் வேர்ட், எக்செல் தட்டிவிட்டு எழும்புகிறார்கள். கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கு விடுங்கள். ஏன் விழுந்தது என்று ஆசிரியர் கேட்கட்டும், பதிலைப் பிள்ளை சொல்லட்டும்.

இப்படியான வேறு ஆட்டங்கள் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பழைய கணினியில் ஓடவேண்டும், இணையம் கேட்கக் கூடாது.