தோஹாவைத் திட்டினது போதும், கவுகாத்தியைப் பேசுவோம்

2025 நவம்பர் 18, இந்திய ஆண்கள் கால்பந்து அணி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்ற செவ்வாய் இரவு என் டைம்லைன் முழுக்க ஒரே வசனம்: "140 கோடிப் பேர் இருக்கோம், பந்து ஆட 11 பேர் கிடைக்கலையா?" விடிவதற்குள் இன்னொரு செய்தியும் வந்து சேர்ந்தது. குராசோ என்ற கரீபியன் தீவு ஜமைக்காவுக்கே போய் 0-0 ட்ரா செய்து 2026 உலகக் கோப்பைக்குள் நுழைந்துவிட்டது. ஜனத்தொகை சுமார் ஒன்றரை லட்சம். நம்ம ஆவடியில் பாதிகூடத் தேறாது. மீம் போடுகிறவர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி.

எனக்கு இந்த 140 கோடிக் கணக்கே பிடிக்காது. குராசோ அணியில் ஏறக்குறைய எல்லாரும் நெதர்லாந்தில் பிறந்து, அங்கேயே கிளப் அகாடமிகளில் வளர்ந்த பிள்ளைகள். அவர்களைத் தயார் செய்த டிக் அட்வோகாட் நெதர்லாந்து தேசிய அணிக்கே பயிற்சி கொடுத்தவர். தீவின் ஜனத்தொகைக்கும் அந்த வெற்றிக்கும் என்ன சம்பந்தம்? அதே மாதிரி நம் ஜனத்தொகைக்கும் நம் தோல்விக்கும் சம்பந்தமில்லை. கேள்வியை அப்படிக் கேட்டால் பதில் "ஐயோ பாவம்" என்பதோடு முடிந்துவிடும், யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்கு அதுதான் வசதி.

நான் கேட்க நினைப்பது வேறு. கோல் அடிக்க வேண்டிய இடத்தில் ஏன் ஆளே இல்லை?

அதற்கு முன்னால் தோஹாவை முடித்துவிடுவோம். தகுதிச் சுற்று என்று வாயெடுத்தாலே நம்ம ஆட்கள் தோஹாவுக்குப் போய்விடுவார்கள். 2024 ஜூன் 11, 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கத்தாரோடு கடைசி ஆட்டம். 37-வது நிமிடம் சாங்தே கோல், இந்தியா 1-0. 73-வது நிமிடம், நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. கத்தார் ஆள் அதைக் காலால் உள்ளே இழுத்தார், யூசுஃப் அய்மென் வலைக்குள் தள்ளினார், தென்கொரிய நடுவர் கோல் என்று கையைக் காட்டினார். வீடியோ பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் விஏஆர் கிடையாது. 85-ல் இன்னொன்று விழுந்து 1-2. அநியாயம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஒன்றரை வருஷமாக அந்த ஒரு கோலை வைத்தே ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த குரூப்பின் புள்ளிப் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பார்த்தோமா?

கத்தார் 16. குவைத் 7. இந்தியா 5. ஆப்கானிஸ்தான் 5. முதல் இரண்டு இடங்களுக்கு அடுத்த சுற்று.

இப்போது கவுகாத்திக்கு வாருங்கள். 2024 மார்ச் 26, சொந்த மண், எதிரில் தரவரிசையில் 158-வது இடத்தில் இருந்த ஆப்கானிஸ்தான். சொந்த நாட்டில் ஆட வழியில்லாமல் தங்கள் 'ஹோம்' ஆட்டத்தைச் சவுதியின் அபாவில் ஆடிவிட்டு வந்த அணி. அங்கேயும் நாம் 0-0 தான், அதை மறந்துவிடாதீர்கள். கவுகாத்தி நம் கேப்டன் சுனில் சேத்ரியின் 150-வது சர்வதேச ஆட்டம். 38-வது நிமிடம் பெனால்டியில் அவரே கோல் போட்டார். அப்புறம்? 70-ல் ரஹ்மத் அக்பரி சமன் செய்தார், 88-ல் பெனால்டி கொடுத்தோம், 1-2. அந்த ஆட்டத்தை மட்டும் ஜெயித்திருந்தால் நமக்கு 8 புள்ளி. தோஹாவில் அதே அநியாயத்தோடு தோற்றிருந்தாலும் குவைத்தைத் தாண்டி மூன்றாவது சுற்றுக்குள் போயிருப்போம். சரி, கவுகாத்தி போனது போகட்டும். ஜூன் 6-ம் தேதி கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0. அதை ஜெயித்திருந்தாலும் போதும், நமக்கு 7, அவர்களுக்கு 6. சால்ட் லேக்கில் அன்றைக்கு எல்லார் கண்ணும் சேத்ரியின் வழியனுப்பில் இருந்தது. என் கண்ணும்தான். ஸ்டேடியமே அழுதது, கோல் மட்டும் வரவில்லை.

ஆக நம் கதையை முடித்தது கொரிய நடுவர் இல்லை. அவர் கடைசியாக வந்து கதவைச் சாத்தினார், அவ்வளவுதான்.

பயிற்சியாளர் ஸ்டிமாச்சை உடனே வீட்டுக்கு அனுப்பினார்கள். மனோலோ மார்க்கேஸ் வந்தார். 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் என்று குரூப் விழுந்ததும் நானும் என் நண்பர்களும் "லட்டு குரூப்" என்று குதித்தோம். இதே ஹாங்காங்கை 2022 ஜூனில் கொல்கத்தாவில் 4-0 என்று உரித்து அனுப்பியவர்கள் நாம். லட்டு எப்படி ஆனது என்று பாருங்கள்: ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. ஹாங்காங்கின் காய் டாக் மைதானத்தில் 94-வது நிமிடப் பெனால்டியில் 0-1. மனோலோ போய் காலித் ஜமீல் வந்தார். சிங்கப்பூரில் நம் டிஃபெண்டர் ஜிங்கன் இடைவேளை முடிந்த கையோடு சிவப்பு அட்டை வாங்க, பத்துப் பேரோடு ஆடி 90-வது நிமிடத்தில் ரஹீம் அலி அடித்த கோலால் 1-1. நேர்மையாகச் சொன்னால் இந்தச் சுற்றிலேயே எனக்கு ரோமம் சிலிர்த்த ஒரே இடம் அது. ஐந்தே நாளில் கோவாவின் ஃபத்தோர்தாவில் அதே சிங்கப்பூரிடம் 1-2, போட்டியை விட்டே வெளியே. சாங்தே தூரத்திலிருந்து அடித்த அந்த முதல் கோலைப் பார்த்துவிட்டுத் தோற்போம் என்று யாராவது நினைத்திருப்பார்களா? (2015-ல் சென்னையின் எஃப்சி கடைசி நிமிடங்களில் கோவாவைக் கவிழ்த்துக் கோப்பையைத் தூக்கியது இதே ஃபத்தோர்தாவில்தான். நமக்கு ராசியான மைதானம் என்று உளறிக்கொண்டிருந்தேன்.) கடைசியாக டாக்கா. 11-வது நிமிடம் மொர்சாலின் கோல், மிச்ச 80 நிமிடமும் நாம் பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். வங்கதேசத்திடம் 22 வருஷத்துக்குப் பிறகு முதல் தோல்வி.

இரண்டு தகுதிச் சுற்றையும் கூட்டுங்கள். 11 ஆட்டம், 1 வெற்றி, 5 கோல்.

அந்த ஐந்தையும் பேர் சொல்லியே எண்ணிவிடலாம். குவைத்தில் மன்வீர், கவுகாத்தியில் சேத்ரியின் பெனால்டி, தோஹாவில் சாங்தே, சிங்கப்பூரில் ரஹீம் அலி, ஃபத்தோர்தாவில் சாங்தே. இதில் நடுவில் நின்று கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட சென்டர் ஃபார்வர்ட் எத்தனை பேர்? சாங்தே ஓரத்தில் ஓடுகிற விங்கர். மன்வீரும் கிளப்பில் பெரும்பாலும் விங்கில்தான் ஓடுகிறார். சேத்ரிக்கு அப்போதே 39 வயது. மிச்சம் ரஹீம்.

ரஹீம் அலி நமக்குத் தெரிந்த பையன். வங்காளத்துக்காரர், 2017-ல் டெல்லியில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆடிய அணியில் இருந்தவர், அப்புறம் வருஷக்கணக்கில் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நம் சென்னையின் எஃப்சியின் நீலச் சட்டை போட்டவர். ஆனால் எங்கே ஆடினார் என்று யோசித்துப் பாருங்கள். நடுவில் ஒரு வெளிநாட்டுக்காரர் நிற்பார், ரஹீம் விங்கில் ஓடுவார், இல்லையென்றால் பெஞ்சில் உட்கார்ந்து எழுபதாவது நிமிடத்தில் வருவார். நம் கிளப்பை மட்டும் சொல்லவில்லை, எல்லாக் கிளப்பும் இதுதான். கோல்கீப்பருக்கு இந்தியன், பேக்குக்கு இந்தியன், விங்குக்கு இந்தியன். ஸ்ட்ரைக்கர் போடும் ஒன்பதாம் நம்பர் சட்டை மட்டும் விமானத்தில் வரும். 2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் அதிக கோல் அடித்தவர் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டின் மொராக்கோக்காரர் அஜராய், 23 கோல். இந்தியர்களில் முதலிடம் யார்? 14 கோலோடு சேத்ரி. நாற்பது வயதில்! அதனால்தான் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன மனுஷனை மனோலோ மறுபடி அழைத்தார். மாலத்தீவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் சேத்ரி வந்து கோலும் போட்டார், நாம் கைதட்டினோம். எனக்கு அன்றைக்கே வயிற்றைக் கலக்கியது. சேத்ரி மேல் கோபமில்லை, கூப்பிட்டால் வருகிற மனுஷன். ஆனால் ஷில்லாங்கிலும் ஹாங்காங்கிலும் அவருக்காக ஒதுக்கிய நிமிடங்கள் 22 வயதுப் பையன் ஒருவன் தப்பாவது பண்ணிக் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய நிமிடங்கள்.

"கிளப் காசு போட்டு நடத்துது, ஜெயிக்கத்தானே பாக்கும்?" என்று போன வாரம் ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயம். ஆனால் ஜேஜே இல்லையா? 2017-18-ல் சென்னையின் எஃப்சி பயிற்சியாளர் ஜான் கிரிகோரி ஜேஜேவை நடுவில் நிற்க வைத்தார், அதே வருஷம் பெங்களூருவிலேயே பெங்களூருவை 3-2 என்று வென்று கோப்பை நம் ஊருக்கு வந்தது. இந்திய ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டும் ஜெயிக்கலாம் என்று செய்து காட்டியது நம் கிளப்தான். அதற்கப்புறம் அதை நாமே மறந்துபோனோம். ஐஎஸ்எல் தொடங்கிய 2014-ல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை இறங்கலாம், 2021-22-லிருந்து நான்கு. எண்ணிக்கை குறைந்தது, இடம் மாறவில்லை. அந்த நால்வரில் ஒருவர் கண்டிப்பாக ஸ்ட்ரைக்கர். நான் ஏதோ பேசுகிறேன், டாக்கா ஆட்டம் நடந்தபோது 2025-26 சீசன் ஐஎஸ்எல்லே தொடங்கியிருக்கவில்லை! லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடியப்போனது, டெண்டருக்கு ஆளே வரவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது. லீக் ஆடாத கால்களை வைத்துக்கொண்டு காலித் ஜமீல் என்ன மந்திரமா போட்டிருப்பார்?

வெளிநாடுவாழ் இந்தியர்களைக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்பது இப்போதைய மருந்து. வங்கதேசம் இங்கிலாந்தில் பிறந்த ஹம்சா சவுத்ரியைக் கொண்டுவந்தது, ஃபத்தோர்தாவில் சிங்கப்பூரின் இரண்டு கோலையும் அடித்த சாங் உய்-யங் கொரியாவில் பிறந்து சிங்கப்பூர்க் குடிமகன் ஆனவர், நாம் மட்டும் ஏன் சும்மா இருக்கணும்? வரட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ரையன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார், அவருக்கு ஒரு சல்யூட். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினரை, அதாவது ஓசிஐ அட்டைக்காரர்களை, ஆட விட நம் சட்டத்தில் இடமில்லை. அதனால் வருகிறவர்கள் ஒருவர் இருவராகத்தான் வருவார்கள். அதை நம்பி ஒரு தேசிய அணியை நடத்த முடியாது.

என்னைக் கேட்டால் நோய் இன்னும் கீழே இருக்கிறது. வியாசர்பாடியில் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. தனபால் கணேஷ் இந்தியாவுக்கு ஆடினாரே, அந்த மண்தான். டாக்கா ஆட்டத்தைப் பற்றி அவரிடம் புலம்பினேன். அவர் அலட்டிக்கவே இல்லை. "தம்பி, இவன் வருஷம் பூரா பிராக்டீஸ் பண்றான். மேட்ச்சுனு பாத்தா வெரல் வுட்டு எண்ணிடலாம். எல்லாம் நாக்-அவுட்டு. மொத மேட்ச்சு தோத்தா பையைத் தூக்கினு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். அப்பால எங்கேர்ந்து கோல் அடிக்கக் கத்துக்குவான்?"

பள்ளிக்கூடப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று படி. குறுவட்டத்திலேயே தோற்ற பள்ளிக்கு அந்த வருஷம் அத்தோடு சரி. அதனால் பி.டி. மாஸ்டரும் தோற்காமல் இருக்கவே பார்ப்பார். உயரமானவனைப் பின்னால் நிறுத்து, பந்தைத் தூக்கி அடி, பெனால்டி வரைக்கும் இழு. கோல் முன்னால் நாலு தடவை சொதப்பிய பையனுக்கு ஐந்தாவது வாய்ப்பு கிடைக்காது. டிஃபென்ஸைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கோல் அடிப்பது ஆட்டத்தில், எதிராளி முதுகில் இடித்துக்கொண்டு நிற்கும்போது, தப்புத் தப்பாக அடித்தே வருவது. அதற்கு 13, 14 வயதில் வாராவாரம் லீக் வேண்டும், தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்க வேண்டும். ஓஎம்ஆரில் டர்ஃப் முளைத்த வேகத்துக்கு இது நடந்திருக்கலாம். ஆனால் அங்கே மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுவது என்னை மாதிரித் தொப்பை ஆட்கள்தான்.

இவ்வளவு புலம்பலுக்கு நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். இதே 2025-ல், இதே சங்கத்தின் கீழ், நம் பெண்கள் அணி தகுதிச் சுற்று ஆடியது. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேவை 4-0, இராக்கை 5-0. இராக்குக்கு எதிராக அடித்தவர்களில் தமிழ்நாட்டுப் பெண் கார்த்திகா அங்கமுத்துவும் உண்டு. சின்ன அணிகள் என்று தள்ளுகிறவர்களுக்கு அடுத்த ஆட்டம்: ஜூலை 5, சியாங் மாய், எதிரில் இரண்டு உலகக் கோப்பை ஆடிய தாய்லாந்து, அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல், 2-1. தகுதிச் சுற்றில் ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போவது நம் பெண்களுக்கு இதுதான் முதல் முறை. நாலு ஆட்டத்தில் 24 கோல். ஆண்கள் 11 ஆட்டத்தில் அடித்த அந்த ஐந்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் டைம்லைனில் 140 கோடி வசனம் பேசுகிற ஒருத்தர்கூட ஒரு வரி போடவில்லை. 2018-19-ல் மதுரை சேது எஃப்சி பெண்கள் லீக்கை ஜெயித்தபோதும் இதே மௌனம்தான்.

டாக்காவுக்குப் பிறகு ஆண்களுக்கு ஹாங்காங்கோடு ஒரு ஆட்டம் மீதி இருந்தது, சம்பிரதாயத்துக்கு. அதில் 23 வயதைத் தாண்டிய ஸ்ட்ரைக்கர் யாரையும் இறக்க வேண்டாம், தோற்றாலும் பரவாயில்லை என்பதுதான் என் கட்சியாக இருந்தது. திட்டுகிறவர்கள் கமெண்டில் திட்டலாம்.

பெண்களுக்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆசியக் கோப்பையில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே என்று கஷ்டமான குரூப் விழுந்தது. முதல் ஆட்டம் 2026 மார்ச் 4, பெர்த்தில், வியட்நாமோடு. இனி நம் பெண்கள் ஆடும்போது பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் யாராவது திரை கட்டிக் காட்ட இடம் கொடுத்தால் சொல்லுங்கள். ப்ரொஜெக்டர் என்னிடம் இருக்கிறது, ஸ்பீக்கருக்குத்தான் ஆள் தேடுகிறேன்.