வேலையைக் கேட்காமல் எழுதும் பிசியோ சீட்டு

இடுப்பு வலியோடு வரும் லோடிங் தொழிலாளிக்கும், நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கும் ஒரே அச்சடித்த உடற்பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்புவதை நிறுத்த வேண்டும். பத்து நாள் ஐ.எஃப்.டி. என்னும் மின்தூண்டல் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் அலை சிகிச்சை, கூடவே "வெயிட் தூக்காதீங்க" என்று ஒரு வரி. வெயிட் தூக்கினால்தான் அவருக்குச் சம்பளம். அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 4 பெட்டி, இடைவேளை போக 7 மணி நேரம் என்றால் ஒரு ஷிஃப்டில் 1,680 முறை குனிந்து நிமிர்கிறார். வீட்டில் செய்யச் சொல்வது பத்துப் பத்தாக மூன்று தடவை, மொத்தம் 30. அந்த 1,680-இல் கை வைக்காமல் இந்த 30-ஐ மட்டும் நம்பினால் வலி எப்படிப் போகும்?

அதனால் எங்கே வலி என்று கேட்ட கையோடு வேலையையும் கேட்க வேண்டும். எத்தனை கிலோ, எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு, உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி, நிமிடத்துக்கு எத்தனை, இடுப்பைத் திருப்ப வேண்டியிருக்கிறதா. உள்ளே செல்போனுக்கு அனுமதி இருந்தால் ஒரு நிமிட வீடியோ போதும். இல்லாவிட்டால் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது விட்டுப்போவது உடம்பு செய்யும்போது தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 1991-இல் திருத்திய சுமை தூக்கும் சூத்திரம் நல்ல சான்று. எல்லாம் சாதகமாக இருந்தால் தூக்கும் எடைக்கு வரம்பு 23 கிலோ. சாதகம் என்றால் பெட்டி உடம்பிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள், கை தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், எப்போதாவது ஒரு முறை. அதே பெட்டி உடம்பிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருந்தால் வரம்பு பாதியாகி 11.5 கிலோ. நிமிடத்துக்கு 4 முறை, முழு ஷிஃப்ட் என்றால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் சுமார் 10 கிலோதான். தரைமட்டத்திலிருந்து, கை நீட்டி, அதே வேகத்தில் எடுத்தால் 4 கிலோவைத் தாண்டாது! பெட்டியின் எடையை மட்டும் கேட்டு "12 கிலோதானே" என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு பாருங்கள். அடியில் மூன்று காலிப் பேலட்டுகளை (சரக்கு அடுக்கும் தட்டுகளை) ஆடாமல் அடுக்கி உயர்த்துவது, பேலட்டைச் சுற்றி நடந்து கிட்டப்போய் எடுப்பது, இவையும் சிகிச்சைதான். இடுப்பு பெல்ட் இந்தக் கணக்கில் எதையும் மாற்றாது. வலி இல்லாதவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்று அதே நியாஷ் 1994-இலேயே சொல்லிவிட்டது.

நேரமும் முக்கியம். இரவு படுக்கையில் முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்தவுடன் முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும் பயிற்சியைச் செய்யச் சொன்னால் முதல் ஒரு மணி நேரத்தில் டிஸ்க்குக்கு அழுத்தம் கூடும். இடைவேளையில் இருபது நிமிடம் கூன் போட்டு உட்கார்ந்தால் முதுகெலும்பின் பின்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்துவிடும். இரண்டு நிமிடத்தில் பாதிதான் மீளும். அதனால் மணி அடித்ததும் கனமான பெட்டியில் கை வைக்காமல், இரண்டு நிமிடம் நடந்து, லேசானவற்றை முதலில் எடுக்க வேண்டும்.

இனி முழங்கை. நாள் முழுக்க ஸ்க்ரூ முடுக்குபவர்களுக்கு வெளிப்பக்க முழங்கையில் வரும் வலியில், ஓய்வு வலியைக் குறைக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைப் பலப்படுத்தாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு அருமையாகக் கேட்கும். ஓராண்டுக் கணக்கில் பார்த்தால், ஊசி போடாமல் காத்திருந்தவர்களைவிடப் போட்டவர்களின் நிலை மோசம். வேலை நாட்களில் மணிக்கட்டை அசைக்காமல் பிடிக்கும் பயிற்சி மட்டும் போதும்: 45 விநாடி, 5 தடவை, ஷிஃப்டுக்கு முன்னால். விடுமுறை நாளில் 1 கிலோ டம்பெல்லை மறுகையால் மேலே ஏற்றிவிட்டு, வலிக்கும் கையால் நான்கு எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்க வேண்டும், 15 வீதம் 3 செட். ஷிஃப்ட் முடிந்த களைப்பில் இதைச் செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. செய்யும்போது பத்துக்கு நாலு வரை வலிக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் பயிற்சியை விடாதீர்கள், எடையைக் குறையுங்கள்.

வேலையை மாற்றிக் கொடுத்தாயிற்று என்று சூப்பர்வைசர் சொல்வார். ஸ்க்ரூ முடுக்கிய கையை டேப் ஒட்டும் இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டிலும் உழைப்பது அதே மணிக்கட்டு!

பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றால், இரண்டு காலும் வலுவிழந்தால் பிசியோவுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அவசரப் பிரிவு.

மூன்று வாரம் லீவில் இருந்தவரைத் திங்கட்கிழமை நேராக 1,680-க்கு அனுப்புவதால்தான் பலர் மறுபடி படுக்கிறார்கள். முதல் வாரம் பாதி எண்ணிக்கை, இரண்டாம் வாரம் முக்கால், அப்புறம் முழுசு. சான்றிதழில் "லைட் வொர்க்" என்று எழுதாதீர்கள், லைனில் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம். "முழங்காலுக்குக் கீழிருந்து எடுக்கக் கூடாது, 8 கிலோ வரை, நிமிடத்துக்கு 2, இரண்டு வாரம்" என்று எண்ணாலேயே எழுதிக் கொடுங்கள்.