பிரித்துக் கொடுப்பது ஒன்றாகக் கொட்டுவதற்கா?

விடிந்தும் விடியாததுமாக ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகிறது: குப்பையைப் பிரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அபராதம். சரி, பிரிக்கிறோம். முட்டிவலியோடு என் அம்மா பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுகிறார். காய்கறித் தோல் பச்சைத் தொட்டியில், பிளாஸ்டிக்கும் காகிதமும் நீலத் தொட்டியில்.

இத்தனை பாடும் எங்கே போய்ச் சேருகிறது? வீடுகளில் வாங்கிய குப்பையைப் பெரிய லாரிகளுக்கு மாற்றும் எங்கள் பகுதிக் குப்பை மாற்று வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள், வயிறு எரியும். பேட்டரி வண்டியில் தனித்தனிக் கூடைகளில்தான் வருகிறது. உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரே தரையில் கவிழ்க்கிறார்கள். கழுவிக் காயவைத்த பால் கவர் ஊசிப்போன சாம்பாரில் புரள்கிறது. பொக்லைன் அதை அப்படியே அள்ளி லாரியில் போடுகிறது. மூடிய வண்டியில்தான் கொண்டுபோக வேண்டுமாம். இங்கே மேலே ஒரு கிழிந்த வலை, கீழே சாலை நெடுக ஒழுகும் கறுப்புத் தண்ணீர்.

தூய்மைப் பணியாளர்கள் மீது எனக்குக் கோபமே இல்லை. கையுறைகூட இல்லாமல், உடைந்த பாட்டில் துண்டுகளை விரலால் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா சொன்னார்: "இருப்பது ஒரே பெட்டி சார். நாங்கள் எதில் பிரித்துப் போடுவது?" பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை.

பழைய டியூப்லைட்டையும் காலாவதியான மாத்திரைகளையும் தனியே கட்டி எடுத்துப்போனேன். மேற்பார்வையாளர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அந்தக் குவியலிலேயே போட்டுவிட்டுப் போங்கள்" என்றார். பாதரசம் இருக்கிறது என்றேன். அவருக்கு அது காதிலேயே விழவில்லை. இப்படிப்பட்ட ஆபத்தான வீட்டுக் குப்பையைப் பெற, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையமாவது வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. எங்கள் ஊரில் அது எங்கே? கேட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

இது வெறும் நாற்றத்தைப் பற்றிய புகார் அல்ல. மக்கும் குப்பை காற்றுப்படாமல் மலையாகக் குவிந்து அழுகினால் மீத்தேன் வரும், தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து, சுற்றியிருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறியது அதற்குள் மறந்துவிட்டதா? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம் அது!

குப்பைக் கட்டணத்தை மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் வளாகத்துக்கு இரண்டாவது பெட்டி ஒன்றை வாங்கி வையுங்கள், அந்த அம்மாவுக்குக் கையுறை கொடுங்கள். அதுவரை அபராத நோட்டீசை நீட்டிக்கொண்டு யாரும் எங்கள் வாசலுக்கு வர வேண்டாம்.