மணல் பை கட்டி ஓடினால் வேகம் கூடுமா?

"கணுக்காலில் மணல் பை கட்டித் தினமும் ஓடினால், கழற்றியதும் பிள்ளைகள் பறப்பார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. கழற்றியதும் கால் லேசாகத் தோன்றும். அது வெறும் உணர்வு. பாரம் காலின் நுனியில் இருப்பதால் கால் வீச்சு மந்தமாகும், ஓடும் முறையே மாறும், முழங்காலுக்கும் பளு.

அதற்குப் பதிலாக, டயரை இடுப்புப் பட்டையில் கயிறு கட்டி இழுத்து ஓடலாம். எடையைவிட ஸ்டாப்வாட்சை நம்புங்கள். ஒரே டயர் புல்லில் ஒரு மாதிரி, செம்மண்ணில் வேறு மாதிரி உரசும். சும்மா 20 மீட்டரை 3.5 விநாடியில் ஓடும் பையன், டயரோடு 3.85-ஐ (10% கூடுதல்) தாண்டினால் பாரத்தைக் குறையுங்கள். தொடக்கத்தில் 5 ஓட்டம், நடுவே 2-3 நிமிட ஓய்வு, வாரம் 2 நாள் போதும். இடுப்பு மடிந்து முதுகு கூனினால் அன்றைக்கு அவிழ்த்துவிடுங்கள்.