பழைய பாதையிலும் ஓட்டுநரில்லா ரயில் ஓடும்

ஓட்டுநரில்லா ரயில் புதிதாகக் கட்டப்படும் பாதைகளுக்கு மட்டுமே பொருந்தும், ஆகவே சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் அது ஒருபோதும் வராது என்று சிலர் சொல்வது சரியன்று. 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாரிஸ் மெட்ரோவின் முதலாம் பாதையில், பயணிகள் தண்டவாளத்தில் விழாதபடி நடைமேடைகளின் விளிம்பில் தடுப்புக் கதவுகளைப் பொருத்தி, சேவையை நீண்டகாலம் நிறுத்தாமலேயே, 2012ஆம் ஆண்டின் இறுதிக்குள் எல்லா ரயில்களையும் ஓட்டுநரின்றி இயங்க வைத்தார்கள். லண்டனின் விக்டோரியா பாதையிலோ 1968 முதல் ரயில் தானாக ஓடியும், கதவை மூடிப் புறப்பாட்டுப் பொத்தானை அழுத்த முன்னறையில் ஒருவர் இன்றும் அமர்ந்திருக்கிறார். ஓட்டுநரே இல்லாத ரயில், தானாக ஓடினாலும் ஓட்டுநர் அமர்ந்திருக்கும் ரயில் ஆகிய இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நம் ஊரில் சென்ட்ரல் போன்ற சுரங்க நிலையங்களில் பாரிஸில் பொருத்தியது போன்ற கண்ணாடித் தடுப்புக் கதவுகள் முதலிலிருந்தே உள்ளன. வடபழனி போன்ற உயர்மட்ட நிலையங்களுக்கோ மஞ்சள் கோடுதான் வேலி. தடை பாதையின் வயதில் இல்லை; அந்த நடைமேடை விளிம்பிலும், சமிக்ஞை அமைப்பிலும், செலவிலும் இருக்கிறது.